நூற்று எண்பத்தேழாம் எண் அட்டை

சாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் தனுஷ்கோடி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற அட்டை, அதைச் சுற்றிக் கெட்டியான பிளாஸ்டிக் உறை, உறையைச் சுற்றித் தபால் கவர். வெனிசுலா என்கிற தேசத்திலிருந்து ஐம்பத்து மூன்று வருஷம் கழித்துச் சிவகாசிக்கே திரும்பி வந்திருந்தது. கேட்டவள் அவர் பொண்டாட்டி ராஜகனி. பெங்களூரில் இருக்கிற மகள் புவனாவை நச்சரித்து, புவனா கம்ப்யூட்டரில் தேடித் தேடி, எட்டு மாசம் போராடி யாரோ ஒரு சேகரிப்பாளனிடமிருந்து வரவழைத்தாள். ராஜகனி செத்துப் பதினோராம் நாள் கூரியர்காரன் வந்து வாசலில் நின்றான். பெறுநர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. தனுஷ்கோடி தன் பெயரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள். இன்றைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அழுதிருங்க சித்தப்பா, நெஞ்சுக்குள்ள கட்டிக்கிடும் என்று தெருக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவருக்கும் அழுதுவிட ஆசைதான். இடது பாதம் இப்படித்தான் இரண்டு வருஷமாக, சர்க்கரை வந்ததிலிருந்து, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. பத்தடி நடந்த பிறகு யாராவது, பெரியவரே செருப்பு அங்கே கிடக்கு என்பார்கள். அந்தப் பாதம் மெல்ல மெல்ல மேலே ஏறி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டதோ என்னவோ. பஸ் கிளம்பியது. கண்டக்டர் வந்ததும், சாத்தூர் ஒண்ணு, படந்தால் விலக்கில் இறங்கணும் என்று சொல்லிச் சீட்டு வாங்கினார். படந்தாலில் சீனித்தாய் மாவு மில் வைத்திருக்கிறாள். ராஜகனியின் தம்பி சீனிராஜின் மகள். அவளிடம்தான் இதைக் கொடுக்க வேண்டும். அவள் தன் அப்பன் முகத்தைப் பார்த்ததே கிடையாது. அப்பன் செத்து ஆறு மாசம் கழித்துப் பிறந்தவள். வீட்டில் அவன் போட்டோ ஒன்றுகூட இல்லை. கோயிலில் தாலி கட்டினான், போட்டோக்காரனைக் கூப்பிடுகிற வசதி யாருக்கு இருந்தது. அவன் முகம் உலகத்தில் இருக்கிற ஒரே இடம் இந்த அட்டைதான் என்று ராஜகனி சாகிற வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள். தனுஷ்கோடி ஒருநாளும் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தூங்கி அவர் தோளில் சாய்ந்தார். கனமான தலை. நகர்ந்துகொள்ளலாம், நகரவில்லை. அந்தக் கனம் ஒரு இடத்தில் அழுத்துவது தெரிந்தது, அது போதும் என்று இருந்தது. வெளியே கருவேலங்காடு, தகரக் கூரை போட்ட செட்டுகள், மறுபடி கருவேலம். சீனிராஜ் எப்படி இருப்பான்? காலையிலிருந்து நாலாவது தடவை முயற்சி செய்கிறார். கண்ணை மூடிக்கொண்டால் முதலில் வருவது சுருட்டை முடி. சுருட்டை முடிக்குக் கீழே ஒரு தொப்பி வந்துவிடுகிறது. அவன் உயிரோடு இருந்தபோது தொப்பியே போட்டதில்லை, தொப்பி தனுஷ்கோடி பூசிய நீலம். தொப்பியைக் கழற்றினால் முகமும் சேர்ந்து கழன்றுகொள்கிறது. அந்த இடத்தில் ராஜகனியின் முகம் வருகிறது, ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்த முகம், உதட்டில் சிவப்பு இல்லாமல். எல்லாரும் தலைமாட்டில் விழுந்து அழுதுகொண்டிருந்தபோது அவர் நின்று பார்த்து நினைத்தது என்ன தெரியுமா, அச்சில் சிவப்பு பிளேட் விட்டுப்போன தாள் மாதிரி இருக்கிறாளே என்று. மஞ்சள் விழுந்திருக்கு, நீலம் விழுந்திருக்கு, சிவப்பு மட்டும் விழவில்லை, மிஷினை நிறுத்து என்று சொல்ல வேண்டிய தாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே அடுப்புச் சோறு தின்றவளைப் பார்த்து நினைக்கிற நினைப்பா அது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான், அவள் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள், ஒங்க புத்தி அப்படித்தானே என்றிருப்பாள். தூங்குகிறவர் வாயிலிருந்து வெற்றிலை வாசனை வந்தது. வெள்ளை, என்று திடீரென்று தோன்றியது. ஜிங்க் ஒயிட். வேண்டாம். அதை இப்போது நினைக்க வேண்டாம். மேட்டமலை வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை.

எழுபத்தொன்றில் வந்த ஆர்டர் அது. அவருக்கு இருபத்து நாலு வயது, லித்தோ அச்சாபீஸில் ஆர்ட்டிஸ்ட், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மேல் கலர் பூசுகிற வேலை. பம்பாய் ஏஜெண்ட் ஒருவர் மூலமாக வெனிசுலா சூயிங்கம் கம்பெனிக்காரன் கொடுத்தது: பபிள்கம் பொட்டலத்துக்குள் ஒவ்வொரு அட்டை, அட்டையில் பேஸ்பால் ஆடுகிறவன் படம், பின்பக்கம் ஸ்பானிய பாஷையில் அவன் ஊர், உயரம், எடை, எந்தக் கைக்காரன் என்கிற விவரம். மொத்தம் இருநூற்று நாற்பது பேர். அச்சாபீஸில் எவனும் பேஸ்பாலைக் கண்டதில்லை. அமெரிக்காக்காரன் கிட்டிப்புள்ளுடா அது, புள்ளுக்குப் பதிலாப் பந்து, அவ்வளவுதான் என்று ஃபோர்மேன் சொன்னார், அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. முருகன், மயில், கோழி மார்க் லேபிள் பூசிக்கொண்டிருந்த கை, தொப்பி போட்ட வெள்ளைக்காரனையும் கறுப்பனையும் பூச ஆரம்பித்தது. இருநூற்று முப்பத்தொன்பது பேருக்குப் படம் வந்தது. நூற்று எண்பத்தேழாம் நம்பருக்குப் பெயரும் விவரமும் மட்டும் வந்தது. லூசியானோ பெரால்தா. பம்பாய்க்கு இரண்டு கடிதம் போட்டார்கள், பதில் இல்லை, கப்பல் தேதி நெருங்கிவிட்டது. எவன் பாக்கப் போறான், ஒரு ஆளை நிறுத்தி எடுத்துருங்க என்று முதலாளி சொன்னார். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கொடுத்துவிட வெள்ளரிக்காய் ஒரு பையில் எடுத்துக்கொண்டு சீனிராஜ் அச்சாபீஸ் வாசலில் வந்து நின்றான். சாத்தூரில் சைக்கிள் கடையில் வேலை, கல்யாணமாகி ஏழு மாசம், உயரமான ஆள், சுருட்டை முடி. மொட்டை மாடியில் நிறுத்தி, கையில் மண்வெட்டிக் காம்பைக் கொடுத்து, ஓங்கச் சொன்னார்கள். பந்து எங்க மச்சான், பந்து இல்லாம நான் எதை அடிக்க என்று கேட்டான். அது குரல். குரல் ஞாபகம் இருக்கிறது. குரலுக்குப் பின்னால் முகம் இருக்க வேண்டுமே, அது இல்லை. படம் எடுத்த கண்ணாடி நெகட்டிவை அடுத்த வாரமே கழுவி வேறு ஒரு லேபிளுக்கு எடுத்துக்கொண்டார்கள். வழக்கம் அது. ஒரு கண்ணாடியில் எத்தனை சாமி, எத்தனை மிருகம் வந்து போயிருக்கும். யாரும் தப்புச் செய்யவில்லை. யாரும் தப்புச் செய்யவில்லை என்று மறுபடி சொல்லிக்கொண்டார், உதடு அசைந்துவிட்டதோ என்று கையால் வாயைத் துடைத்தார்.

பஸ் நின்றது. மேட்டமலை. நாலு பெண்கள் ஏறினார்கள், ஒருத்தி கூடையை அவர் காலருகே வைத்துக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க ஐயா என்றாள். கூடை இடது பாதத்தின் மேலேயே இருந்தது. குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. இருக்கட்டும். மாநிறம். சீனிராஜ் மாநிறம்தான், ராஜகனியைவிட நிறம் ஒரு பிடி கம்மி. ஆனால் அவன் பொண்டாட்டி பேச்சியம்மாள், சீனித்தாயின் அம்மா, செவப்பா இருப்பாரு, அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும் என்றுதான் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நாலு வருஷத்துக்கு முன்னால் கண்ணை மூடுகிற வரைக்கும். எட்டு மாசம் வாழ்ந்தவள், புருஷன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூச்சப்பட்டவள், என்னத்தைக் கண்டாள். செவப்பா இருப்பாரு. தனுஷ்கோடிக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடத் தோன்றும். படம் எடுத்த மாசம் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், மாப்பிள்ளைக்குக் கலர் கூடிருச்சு, பொண்டாட்டி சமையல் ஒத்துக்கிடுச்சு என்று கேலி பண்ணினார்கள். கலர் பூச ஆள் எதிரில் இருந்தால் நல்லது என்று மூன்று நாள் மத்தியானம் அவனை ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார வைத்தார். வடக்குப் பார்த்த ஜன்னல். வெயில் நேராக விழாது, கலர் பொய் சொல்லாது. வேண்டாம். புவனா போனில் என்ன சொன்னாள்? அந்த ஆள் அனுப்பின படத்துல பாத்தேன், அட்டைக்குப் பின்னால் கோந்து அப்பியிருக்குப்பா, யாரோ ஆல்பத்துல ஒட்டிப் பிச்சிருக்காங்க, பாதி எழுத்துப் போச்சு, மீதியைப் படிச்சேன், பெரால்தா பிறந்த ஊர் மரகைபோ, இடது கை ஆட்டக்காரர்னு போட்டிருக்கு என்றாள். சீனிராஜ் காம்பை வலது கையால் ஓங்கியிருக்கிறான். அது அன்றைக்கு யாருக்குத் தெரியும். வடக்குப் பார்த்த ஜன்னல். முதல் நாள் முடி பூசினார், சட்டைக்குக் கோடு பூசினார். மூக்கு அந்த ஊர் மூக்கு மாதிரி இல்லை என்று கொஞ்சம் அகட்டினார். மண்வெட்டிக் காம்பை மட்டையாக்கினார். இரண்டாம் நாள் கன்னம். மூன்றாம் நாள் கண்.

மூன்றாம் நாள் கண். மூன்று பூஜ்ய பிரஷ், நாலே நாலு முடி இருக்கிற பிரஷ், அதை எடுத்துக்கொண்டு இங்க பாரு மாப்ளை என்றார். பார்த்தான். விழிக்கு இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இல்லை. எலுமிச்சை மஞ்சள், அதில் ஒரு சொட்டுப் பழுப்பு. அவருக்கு அது உடனே தெரிந்தது, அவர் வேலையே அது, அச்சாபீஸில் அத்தனை பேருக்கும் தெரியாத மஞ்சள் அவர் கண்ணுக்குத் தெரியும் என்றுதான் சம்பளம். தெரிந்தது. தெரிந்து என்ன செய்தார்? படத்தில் அந்த இடத்துக்கு ஜிங்க் ஒயிட்டைத் தொட்டு வைத்தார். கண் பளிச்சென்று ஆகிவிட்டது. நல்லா இருக்கா மச்சான் என்று அவன் எட்டிப் பார்த்துக் கேட்டான், அசந்துபோய், இது நானா என்றான், வெயிலில் சைக்கிள் மிதிக்க முடியல, ஒரே அசதியா வருது என்றும் சொன்னான், சொன்னானா, இல்லை பிற்பாடு இவர் சேர்த்துக்கொண்டதா, ஐம்பத்து மூன்று வருஷத்தில் அதற்கும் கலர் பூசிவிட்டாரா, தெரியவில்லை. இருபத்தைந்து நாள். ஆள் போய்விட்டான், காமாலை முற்றி ஈரலைத் தின்றுவிட்டது என்று சாத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தூக்கிக்கொண்டு போனபோது உள்ளங்கை வரைக்கும் மஞ்சள். ராஜகனி தரையில் உருண்டு அழுதாள். தனுஷ்கோடி பிணத்தின் பக்கத்தில் நின்றார், அன்றைக்கும் அழவில்லை, அன்றைக்கு ஏன் அழவில்லை என்பது அவருக்குத் தெரியும், இன்றைக்கு ஏன் என்பதுதான் தெரியவில்லை. மேஜை டிராயரில் அந்த அட்டையின் புரூஃப், சோதனைக்கு அடித்த தாள், ஒன்று இருந்தது. மிச்சத் தாளையெல்லாம் ஏஜெண்ட் நின்று எரிக்க வைத்துவிட்டுப் போனார், ஒப்பந்தம் அப்படி. புரூஃப் மட்டும் தப்பியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்தவர் அதை எடுத்தார், அந்த வெள்ளைக் கண் இரண்டும் அவரைப் பார்த்தன, நாலாக மடித்து அடுப்பில் போட்டார். சீனிராஜ் படம் ஒண்ணுகூட இல்லையாங்க என்று அன்று ராத்திரி ராஜகனி கேட்டாள். இல்லை என்றார். அது பொய்யும் இல்லை. நீங்களாவது வரைஞ்சு குடுங்களேன், அந்தப் பிள்ளை வளந்து கேட்டா என்ன காட்ட என்று வருஷா வருஷம் கேட்டாள். முகம் மறந்துருச்சு என்றார். முதலில் பொய்யாகச் சொன்னார். சொல்லிச் சொல்லி எந்த வருஷத்தில் அது நிஜமாயிற்று என்று அவருக்கே தெரியாது.

தோளில் சாய்ந்திருந்தவர் விழித்துக்கொண்டு வாயைத் துடைத்தார். இனி என்ன இருக்கிறது. கொடுத்துவிட்டு, இதுதாந்தாயி உங்கப்பன் என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ராஜகனி இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவள் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் எது தம்பி, எது பெயிண்ட் என்று சொல்லியிருப்பாள். கூடப் பிறந்தவள், தூக்கி வளர்த்தவள். பதினோரு நாள். கப்பலோ விமானமோ பதினோரு நாள் முந்தி வந்திருந்தால். அப்புறம் அது வந்திருந்தால் கண்ணைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்டிருப்பாளோ என்ற பயமும் கூடவே வந்தது, செத்தவளிடம் என்ன பயம், இருந்தாலும் வந்தது, அந்த ஒன்றுதான் இருபத்து மூன்று நாளில் அவருக்குள் உயிரோடு அசைந்த சமாச்சாரம். படந்தால் விலக்கு என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். கூடைக்காரியிடம் சொல்லிவிட்டு எழுந்தார். இறங்கும்போது செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் பேச முடியாது, அவரைக் கண்டதும் சீனித்தாய் ஸ்விட்சை அணைத்தாள். பெல்ட் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. கேப்பை அரைக்க வந்திருந்த அம்மாவிடம் ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கக்கா என்று அனுப்பிவிட்டாள். புருவம், முடி, கழுத்து எல்லாம் மாவு. ஐம்பத்திரண்டு வயதுக்கு மேலேயே தெரிந்தாள். வாங்க மாமா, சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேனே என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள், அத்தை காரியத்துக்குப் பிறகு சாப்பிடுகிறாரா, மாத்திரை போடுகிறாரா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ம் என்றார். கவரைப் பிரித்து நீட்டினார். அது என்ன, எங்கிருந்து வந்தது, ராஜகனி எதற்குக் கேட்டாள் என்பதைப் பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்த மாதிரியே சொல்லி முடித்தார். சீனித்தாய் முந்தானையில் கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். தனுஷ்கோடி அட்டையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் எங்காவது சீனிராஜ் இருக்கிறானா என்று தேடினார். மாவுதான் இருந்தது.

"செவப்பா இருக்காரு," என்றாள். "அம்மா சரியாத்தான் சொல்லியிருக்கு."

ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். அடுத்த பஸ் இருபது நிமிஷத்தில். அவர் வாய் வேறு எதையோ சொன்னது. செவப்பு நான் பூசுனது தாயி, அவன் மாநிறம் என்றது. அவள் திரும்பினாள். அப்ப மூக்கு என்று கேட்டாள். அதையும் கொஞ்சம் அகட்டினேன் என்றார். சிரிப்பு? அது வேற ஒரு ஆட்டக்காரன் வாய், அவன் படத்தைப் பாத்துப் போட்டது. தொப்பி? தொப்பியும்தான். ஒவ்வொன்றுக்கும் அவள் அட்டையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, மூட்டையில் எவ்வளவு கல், எவ்வளவு தானியம் என்று பார்க்கிறவள் மாதிரி.

"அப்ப எதுதான் மாமா எங்கப்பா?"

அவர் எழுந்து போய் அவள் கையில் இருந்ததை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். வந்த அன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததெல்லாம் புள்ளிகளைத்தான், சிவப்பு ஒரு மயிரிழை விலகியிருப்பதைத்தான். கட்டைவிரலால் முகத்தை மறைத்தார். தொப்பிக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

"காது," என்றார். "காதை நான் தொடல. காதை எவன் பாக்கப்போறான்னு அப்படியே விட்டுட்டேன். அது அவனோடதுதான்."

சீனித்தாய் ரொம்ப நேரம் பார்த்தாள். பொட்டு மாதிரி இருக்கிற ஒரு காது, அதன் மடல் மேலே கொஞ்சம் மடங்கியிருந்தது. அவள் தன் காதைத் தொட்டுப் பார்ப்பாளோ என்று எதிர்பார்த்தார். அவள் தொடவில்லை. கண்ணு என்று கேட்டாள். கண்ணைச் சொல்லலையே மாமா. தனுஷ்கோடி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். சொன்னார். வடக்குப் பார்த்த ஜன்னல், மூன்றாம் நாள், மஞ்சள், வெள்ளை, இருபத்தைந்து நாள். கதை சொல்கிற மாதிரி இல்லை, கலர் கலவை சொல்கிற மாதிரித்தான் வந்தது.  புரூஃபை எரித்ததையும் சொன்னார். அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டாள். சொல்லவில்லை என்றார். அப்போதே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டாள். கீழாநெல்லி கொடுத்திருக்கலாம், மதுரைக்குக் கொண்டுபோயிருக்கலாம், பிழைத்திருப்பானா என்று தெரியாது என்றார். சீனித்தாய் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதை அவரும் கேட்டு வரவில்லை. அடுத்த கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், கோந்துக் கறை, பாதி கிழிந்த எழுத்து. இது அவர் பேரா என்று கேட்டாள். இல்லை, அது வேறு ஆள் என்று பெரால்தாவைப் பற்றிச் சொன்னார், படம் வராமல் போன ஆள், மரகைபோ ஊர்க்காரர், இடது கைக்காரர்.

"அந்த ஆளுக்கும் பிள்ளைகுட்டி இருந்திருக்கும்ல மாமா," என்றாள் அவள். எழுத்தை விரலால் தொட்டுக்கொண்டே பேசினாள். "அப்பன் படம் வந்திருக்குன்னு ஓடிப்போயி வாங்கிப் பிரிச்சிருக்கும். பாத்தா எங்கப்பா காது. அது என்ன நெனச்சிருக்கும்?"

ஐம்பத்து மூன்று வருஷத்தில் தனுஷ்கோடி ஒரு தடவைகூட அதை நினைத்ததில்லை. சீனிராஜின் கண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தவர், அந்த இன்னொரு வீட்டு வாசலுக்குப் போனதே இல்லை. அங்கே ஒரு பிள்ளை பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நின்றது. என்ன நினைத்திருக்கும்?  இந்த மாதிரி விஷயமெல்லாம் அவருக்கு என்றைக்குமே ஓடியதில்லை.

"தெரியலையே தாயி," என்றார். "வீட்டுக்குப் போயி ஒங்க அத்தைகிட்டக் கேட்டுச் சொல்றேன்."

சொன்ன பிறகும் அவர் சாதாரணமாகத்தான் உட்கார்ந்திருந்தார். சீனித்தாய் அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தி அவரையே பார்ப்பதைக் கண்டு, என்னத்தா என்று கேட்கப் போனார். கேட்க வாய் திறந்தவருக்கு வார்த்தைக்குப் பதில் அழுகை வந்தது, மூடத் தெரியவில்லை. அவள் அட்டையை மாவு படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கேப்பை அரைக்க வந்த அம்மா திரும்பி வந்து வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போனாள். அன்றைக்கு அதற்கப்புறம் மில் ஓடவில்லை.